பழைய மேசைக் கணினிக்கு எந்தச் செயலி பொருந்தும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2011க்கும் 2020க்கும் இடையில் வாங்கிய மேசைக் கணினியை இன்னும் பயன்படுத்திக்கொண்டிருப்பவர்களுக்காக இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறேன். சிங்கப்பூரில் உறவினர், அண்டை வீட்டார், அவர்களுடைய நண்பர்கள் என்று பலருடைய கணினிகளைப் பல ஆண்டுகளாகப் பிரித்துச் சரிசெய்து கொடுத்துவருகிறேன். அப்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளே இங்கே உள்ளன. பிராசசரைச் செயலி என்றும் மதர்போர்டைத் தாய்ப்பலகை என்றும் குறிப்பிடுகிறேன். மற்றவற்றுக்குக் கடையில் நாம் சொல்லும் பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

என் கணினி மிகவும் மெதுவாகிவிட்டது. செயலியை மாற்றினால் சரியாகிவிடுமா?

பல வீடுகளில் சரியாகாது. வெள்ளியைச் செலவழிப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி ஒரு சோதனை செய்யுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, உங்களுக்கு எரிச்சலூட்டும் அந்த வேலையையே வழக்கம்போலச் செய்து பாருங்கள்.

செயலியின் பயன்பாடு 20, 30 விழுக்காட்டில் இருக்க, வட்டின் பயன்பாடு மட்டும் 100 விழுக்காட்டிலேயே நின்றால், குற்றவாளி சுழலும் வன்தட்டு. அதை எடுத்துவிட்டு, சுழலும் பகுதி இல்லாத சேமிப்பகமான ஒரு சாட்டா எஸ்எஸ்டியைப் பொருத்தினால், எந்தச் செயலியாலும் தர முடியாத மாற்றத்தை அதே நாளில் காண்பீர்கள். நினைவகம் 90 விழுக்காட்டைத் தாண்டியே இருந்தால் ராம் போதவில்லை என்று பொருள். வட்டும் நினைவகமும் அமைதியாக இருக்கும்போது செயலி மட்டும் நீண்ட நேரம் 100 விழுக்காட்டில் இருந்தால்தான், இந்தப் பக்கத்தின் மற்றப் பகுதிகள் உங்களுக்குப் பயன்படும்.

அப்போதும் ஒன்றைக் கவனியுங்கள். அதே திரையில் செயலியின் வேகம் கிகாஹெர்ட்ஸ் அளவில் காட்டப்படும். வேலைப் பளு அதிகமாக இருக்கும் நேரத்தில் அந்த எண், செயலிக்கு உரிய அடிப்படை வேகத்தைவிடக் குறைந்துகொண்டே போனால், செயலி சூடேறித் தன்னைத்தானே மட்டுப்படுத்திக்கொள்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பத்தாண்டுப் பழைய கணினியில் செயலியைக் குளிர்விக்கும் கூலரைக் கழற்றிப் பார்த்தால், சூட்டைக் கடத்துவதற்காக அடியில் தடவப்பட்டிருக்கும் தெர்மல் பேஸ்ட், டப்பியில் காய்ந்துபோன வெற்றிலைச் சுண்ணாம்பு போலப் பொருக்குப் பொருக்காக உதிரும். அதைத் துடைத்துப் புதிதாகத் தடவியதும் பழைய வேகம் திரும்பிய கணினிகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவற்றின் உரிமையாளர்களுக்குப் புதுச் செயலி தேவைப்படவே இல்லை.

சாக்கெட் ஒன்றாக இருந்தால் செயலி பொருந்திவிடும் அல்லவா?

இல்லை. மக்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த ஒரு நம்பிக்கையால்தான்.

சாக்கெட் என்பது செயலி உட்காரும் இருக்கை மட்டுமே. உட்கார்ந்த செயலிக்கு உரிய மின்சாரத்தைத் தாய்ப்பலகை கொடுக்க வேண்டும், தாய்ப்பலகையின் பாகங்களை ஒருங்கிணைக்கும் சிப்பான சிப்செட் அந்தச் செயலியின் தலைமுறையை ஏற்க வேண்டும், கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் மென்பொருளான பயாஸ் அந்தச் செயலியை அடையாளம் காண வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் திரை இருண்டே இருக்கும்.

உட்லண்ட்ஸில் ஓர் இளைஞர் எச்110 சிப்செட் கொண்ட தம் கணினிக்காக எட்டாம் தலைமுறை ஐ7-8700 செயலியை வாங்கி வந்தார். இரண்டுமே எல்ஜிஏ 1151 என்றுதான் எழுதப்பட்டிருந்தன. செயலியின் ஓரத்துப் பள்ளங்கள் சாக்கெட்டின் மேடுகளோடு சரியாகப் பொருந்தின, மூடியும் தடையில்லாமல் இறங்கியது. மின்விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரையில் மட்டும் எதுவும் வரவில்லை. ராமை மாற்றி, மின்வழங்கியை மாற்றி, இரண்டு வார இறுதிகளை அவர் அதிலேயே கழித்துவிட்டார். எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயரில் இரண்டு சாக்கெட்டுகள் உள்ளன என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. 2015இல் வந்த முதல் வகை, ஆறாம், ஏழாம் தலைமுறைச் செயலிகளுக்கானது. 2017இல் வந்த இரண்டாம் வகை, எட்டாம், ஒன்பதாம் தலைமுறைகளுக்கானது. செயலிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் முனைகளை இன்டெல் 128இலிருந்து 146ஆக உயர்த்தியது. வெளித்தோற்றம் மாறவில்லை, உள்ளே இணைப்புகள் மாறிவிட்டன.

ஆகவே நீங்கள் நம்ப வேண்டியது சாக்கெட்டின் பெயரை அன்று. உங்கள் தாய்ப்பலகையைத் தயாரித்த நிறுவனம் அதே மாடலுக்கென்று வெளியிட்டிருக்கும் செயலி ஆதரவுப் பட்டியலையே நம்புங்கள். ஒவ்வொரு செயலியின் பெயருக்கு எதிரிலும், அது இயங்கத் தேவையான குறைந்தபட்ச பயாஸ் பதிப்பு அதில் அச்சிடப்பட்டிருக்கும். பட்டியலில் இல்லாத செயலியைக் கடைக்காரர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் வாங்க வேண்டாம் என்பதே என் அறிவுரை.

என் தாய்ப்பலகை எந்த மாடல் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் தட்டினால் வரும் பக்கத்தில் தாய்ப்பலகையின் பெயரும் பயாஸ் பதிப்பும் அதன் தேதியும் இருக்கும். சிபியூ-இசட் என்னும் இலவச மென்பொருளின் மெயின்போர்டு பகுதி இன்னும் தெளிவாகக் காட்டும். சிப்செட்டின் பெயரையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

மென்பொருள் சொல்வதோடு நிறுத்திவிடாமல், பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து பலகையையும் பாருங்கள். ராம் இருக்கைகளுக்கு அருகிலோ விரிவாக்க இருக்கைகளுக்கு இடையிலோ மாடல் பெயர் வெள்ளை எழுத்தில் இருக்கும். ஒரு மூலையில் பதிப்பு எண்ணும் சிறியதாக அச்சிடப்பட்டிருக்கும். ஒரே மாடலின் 1.0 பதிப்பும் 2.0 பதிப்பும் வெவ்வேறு பயாஸ் கோப்புகளைக் கேட்பது உண்டு. கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், கடையில் நினைவிலிருந்து சொல்லித் தடுமாற வேண்டியிருக்காது.

இன்டெல் கணினி. எந்தச் சாக்கெட்டில் எதுவரை போகலாம்?

எல்ஜிஏ 1155 கணினிகள் 2011, 2012ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் இரண்டாம், மூன்றாம் தலைமுறைச் செயலிகள் இயங்கும். பி75, எச்77, இசட்77 பலகைகள் மூன்றாம் தலைமுறையோடு வந்தவை என்பதால் சிக்கல் இல்லை. எச்61, எச்67, இசட்68 போன்ற முந்தைய பலகைகளில் பயாஸைப் புதுப்பித்த பிறகே மூன்றாம் தலைமுறை இயங்கும். அலுவலகக் கணினிகளில் அதிகம் காணப்பட்ட கியூ65, கியூ67, பி65 ஆகிய மூன்றுக்கும் இன்டெல் அந்த ஆதரவைக் கொடுக்கவே இல்லை. அவற்றில் ஐ7-2600 போன்ற இரண்டாம் தலைமுறைச் செயலியோடு நின்றுவிட வேண்டும். மற்றவற்றில் ஐ7-3770 நல்ல தேர்வு. நான்கு கோர் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலை இழைகள்), 77 வாட். இரண்டு கோர் மட்டுமே உள்ள ஐ3-2100இலிருந்து அதற்குப் போகிறவருக்கு வேறுபாடு தெளிவாகத் தெரியும். ஐ5-3470 ஏற்கெனவே இருந்தால், அன்றாட வேலைகளில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

2013இல் வந்த எல்ஜிஏ 1150இல் நான்காம் தலைமுறை. ஐ7-4790 அங்கே பெரும்பாலோர் தேடுவது. அது 2014இல் வெளிவந்ததால், அதற்கு முந்தைய எச்81, பி85 பலகைகளில் பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம். ஐந்தாம் தலைமுறையில் மேசைக் கணினிக்கென்று வந்த சில செயலிகளை எச்97, இசட்97 போன்ற 9 வரிசைப் பலகைகள் மட்டுமே ஏற்கும்.

எல்ஜிஏ 1151இன் இரு வகைகளையும் மேலே விளக்கிவிட்டேன். 100 வரிசைப் பலகையில் ஏழாம் தலைமுறையைப் பொருத்தவும், 300 வரிசைப் பலகையில் ஒன்பதாம் தலைமுறையைப் பொருத்தவும் பயாஸ் புதுப்பிப்பு தேவைப்படலாம். 2020இல் வந்த எல்ஜிஏ 1200 பத்தாம், பதினொன்றாம் தலைமுறைகளை ஏற்கும் என்பது பொது விதி. ஆனால் எச்410, பி460 பலகைகள் பெரும்பாலும் பத்தாம் தலைமுறையோடு நின்றுவிடும்.

சர்வர்களுக்கென்று இன்டெல் செய்து, இப்போது விலை குறைவாகக் கிடைக்கும் சியோன் செயலிகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். எல்ஜிஏ 1155, 1150 பலகைகள் பலவற்றில் இ3 வரிசைச் சியோன் இயங்கும். இ3-1230 வி2, இ3-1231 வி3 ஆகியவற்றைப் பட்டியலில் கண்டால் தயங்காமல் வாங்கலாம். திரைக்குப் படம் அனுப்பும் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் அவற்றில் இல்லை என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். எல்ஜிஏ 1151இல் நிலைமை வேறு. அங்கே இ3 வி5 சியோனுக்கு சி232 அல்லது சி236 சிப்செட் வேண்டும். சாதாரண எச்110, பி150 பலகைகளில் அது இயங்காது.

ஏஎம்டி கணினி வைத்திருப்பவர்களுக்கு?

ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2017இல் ரைசன் 1000 வரிசையோடு வாங்கிய பலகையில், 2020 நவம்பரில் வெளிவரத் தொடங்கிய 5000 வரிசைச் செயலியைப் பொருத்த வழி இருக்கிறது. ஒரே பலகை இத்தனை தலைமுறைகளைத் தாங்கியது மேசைக் கணினி உலகில் அரிது. ஏ320, பி350, எக்ஸ்370 ஆகிய 300 வரிசைப் பலகைகளுக்குத் தொடக்கத்தில் 5000 வரிசையின் ஆதரவு இல்லை. 2022இல் ஏஎம்டி அதற்கும் வழி திறந்துவிட்டது. ஆனாலும் எல்லாப் பலகைக்கும் உரிய பயாஸ் வந்துவிட்டதாக எண்ணாமல், உங்கள் பலகையின் பட்டியலைப் பாருங்கள்.

எதிர்த் திசையிலும் ஒரு தடை உண்டு. புதிய பலகை பழைய செயலியை ஏற்கும் என்று கருதி, ரைசன் 1000 வரிசைச் செயலியை பி550 அல்லது ஏ520 பலகையில் வைக்க வேண்டாம். அதற்கு ஆதரவு இல்லை.

இன்னொரு நுட்பம். பழைய பலகைகள் பலவற்றில் பயாஸ் சேமிக்கப்படும் சிப்பின் கொள்ளளவு 16 மெகாபைட் மட்டுமே. புதிய செயலிகளுக்கான விவரங்களைச் சேர்க்க இடம் போதாததால், சில பயாஸ் பதிப்புகளில் பழைய செயலிகளுக்கான விவரங்களை நீக்கிவிட்டார்கள். அத்தகைய பதிப்பைப் பதிந்துவிட்டால் பழைய செயலியோடு கணினி மீண்டும் எழாமல் போகலாம். ஆகவே புதிய செயலி கைக்கு வந்து, அது நல்ல நிலையில் இருக்கிறது என்று உறுதியான பின்னரே அந்தப் பதிப்பைப் பதியுங்கள்.

நடுத்தரப் பயன்பாட்டுக்கு நான் பரிந்துரைப்பது ரைசன் 5 5600. ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாதவர்கள் 5600ஜி வாங்க வேண்டும். ஏஎம்3+, எஃப்எம்2+ சாக்கெட்டுகளில் செயலிக்காகச் செலவழிப்பதை நான் இனி பரிந்துரைப்பதில்லை.

அலுவலகத்திலிருந்து கழித்த டெல், எச்பி, லெனோவோ கணினியில் செயலியை மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் கூடுதல் கவனம் வேண்டும். இத்தகைய கணினிகளுக்குச் செயலி ஆதரவுப் பட்டியல் தனியாக வெளியிடப்படுவது குறைவு. அதே மாடல் எந்தெந்தச் செயலிகளோடு விற்கப்பட்டது என்று அதன் கையேட்டில் இருக்கும், அதையே எல்லையாகக் கொள்ளுங்கள். சிறிய பெட்டிகளில் மின்வழங்கியும் கூலரும் அந்த மாடலுக்கென்றே செய்யப்பட்டவை. விசிறியின் இணைப்பியைக்கூடப் பொதுச்சந்தையில் கிடைப்பதோடு மாற்ற முடியாமல் போவது உண்டு. 35 வாட் செயலிக்கென வடிவமைக்கப்பட்ட குட்டிக் கணினியில் 65 வாட் செயலியை வைத்தால், இடம் பொருந்தினாலும் வெப்பம் தாங்காது.

ரைசன் புரோ வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. சில நிறுவனங்களின் கணினியில் ஒருமுறை இயங்கிய புரோ செயலி, பாதுகாப்பு ஏற்பாட்டின் காரணமாக அந்த நிறுவனத்தின் பலகைகளோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டுவிடும். பிறகு வேறு பலகையில் அது எழாது. பழைய புரோ செயலி மலிவாகக் கிடைத்தால், அது எந்தக் கணினியிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேளுங்கள்.

செயலியின் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளின் பொருள் என்ன?

இன்டெல்லில் கே என்றால் வேகத்தைக் கூட்டிக்கொள்ளத் திறந்துவிடப்பட்டது. அந்த வசதியைப் பயன்படுத்த இசட் வகைப் பலகை வேண்டும், மற்றப் பலகைகளில் அது சாதாரணச் செயலியாக இயங்கும். டி என்றால் குறைந்த மின்சக்தி, பெரும்பாலும் 35 வாட். எஃப் என்றால் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லை. ஏஎம்4 வரிசையில் ரைசன்களுக்கு விதி தலைகீழ்: ஜி என்ற எழுத்து இருந்தால்தான் கிராஃபிக்ஸ் உண்டு. தாய்ப்பலகையின் பின்புறத்திலேயே திரையின் கம்பியைச் செருகியிருப்பவர்கள் இந்த ஓர் எழுத்தைக் கவனிக்கத் தவறினால், செயலியோடு கிராஃபிக்ஸ் அட்டையையும் வாங்க வேண்டிவரும்.

ராமையும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

அதே பலகை என்றால் பெரும்பாலும் வேண்டாம். பலகை டிடிஆர்3 வகை ராமுக்கானது என்றால் டிடிஆர்3தான்.

நம் ஊர் வெப்பத்துக்குக் கூலர் எப்படி இருக்க வேண்டும்?

கூலர் செய்யும் வேலை, செயலியின் சூட்டை அறைக்காற்றுக்குக் கடத்துவது. குளிர்நாடுகளில் 20 பாகை அறையில் எடுத்த சோதனை முடிவுகளை வைத்து இங்கே முடிவெடுக்கக் கூடாது. குளிர்சாதனம் இல்லாத நம் அடுக்குமாடி வீட்டு அறை பிற்பகலில் 31, 32 பாகையில் இருக்கும். அந்தப் பதினொரு பன்னிரண்டு பாகையும் அப்படியே செயலியின் வெப்பநிலையோடு சேர்ந்துகொள்ளும். இன்டெல் செயலிகள் பல ஏறத்தாழ 100 பாகையில் தம்மை மட்டுப்படுத்திக்கொள்ளத் தொடங்குவதால், அங்கே 85இல் நின்றது இங்கே எல்லையை நெருங்கிவிடும்.

54 வாட் பென்டியத்தோடு வந்த அலுமினியக் கூலரை 84 வாட் ஐ7-4790இன் மீது வைக்க வேண்டாம். எல்ஜிஏ 1155, 1150, 1151, 1200 ஆகிய எல்லாவற்றிலும் கூலருக்கான துளைகளின் இடைவெளி ஒன்றே என்பது நமக்கு வசதி. ஒரு நல்ல கூலரை வாங்கினால் இவற்றுள் எதிலும் பயன்படுத்தலாம். எல்ஜிஏ 1700க்குத்தான் இடைவெளி மாறியது.

செயலிக்கு மின்சாரத்தைச் சீர்செய்து கொடுக்கும் பகுதியையும் பாருங்கள். அது சாக்கெட்டின் இடப்புறமும் மேற்புறமும் சிறு சதுரங்களாக வரிசையாக இருக்கும். மலிவான பலகைகளில் அந்தச் சதுரங்களின் மேல் உலோகத் தகடு இருக்காது. அத்தகைய பலகையில், ஆதரவுப் பட்டியலில் இருந்தாலும், அதிகபட்ச வாட் கொண்ட செயலியை வைத்து நாள் முழுவதும் காணொளித் தொகுப்பு செய்வது நல்லதன்று. ஒரு படி குறைந்த செயலியே நீண்ட நாள் உழைக்கும்.

பயாஸைப் புதுப்பிக்க அச்சமாக இருக்கிறது. என்ன வரிசையில் செய்ய வேண்டும்?

அச்சம் நியாயமானது. பாதியில் மின்சாரம் நின்றால் பலகை எழாமல் போகக்கூடும். ஆனால் வரிசையைக் கடைப்பிடித்தால் ஆபத்து மிகக் குறைவு.

பழைய செயலி பொருத்தப்பட்டு, கணினி நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். புதிய செயலியை வைத்த பிறகு செய்யலாம் என்று நினைத்தால், திரையே வராத நிலையில் எதையும் செய்ய முடியாது. தயாரிப்பாளரின் இணையத்தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கும் பதிப்பு எண்ணுக்கும் உரிய கோப்பைப் பதிவிறக்கி, ஒரு யுஎஸ்பி குச்சியில் இட்டு, பயாஸின் உள்ளிருக்கும் புதுப்பிப்புக் கருவியின் வழியாகவே பதியுங்கள். விண்டோஸுக்குள்ளிருந்து பதியும் மென்பொருளை நான் தவிர்க்கிறேன். மிகப் பழைய பதிப்பிலிருந்து நேரடியாக இறுதிப் பதிப்புக்குத் தாவக் கூடாது என்று சில பலகைகளுக்கு அறிவிப்பு இருக்கும், அதைப் படித்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். வட்டில் உள்ளவற்றைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் உங்கள் வட்டில் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துவிட்டு, பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். ரைசன் கணினிகளில் பூட்டுக்கான ரகசியம் செயலியைச் சார்ந்து இருப்பதால், புதிய செயலியைப் பொருத்தி முதன்முறை இயக்கும்போது, பாதுகாப்புப் பகுதி மாறிவிட்டது, அதை அழித்துப் புதிதாக அமைக்கவா என்று ஒரு கறுப்புத் திரை கேட்கும். சாவி கையில் இல்லாமல் ஒப்புதல் கொடுத்துவிட்டால், குடும்பப் படங்கள் உள்ள வட்டு பூட்டியே கிடக்கும்.

செயலியை மாற்றினால் விண்டோஸ் 11 கிடைக்குமா?

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்த பிறகு அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதலும், ரைசனில் 2000 வரிசை முதலும் விண்டோஸ் 11இன் ஆதரவுப் பட்டியலில் உள்ளன. அதோடு டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி), செக்யூர் பூட் (கணினி எழும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் வசதி) ஆகிய இரண்டும் தேவை. எல்ஜிஏ 1155, 1150 கணினிகளிலும், எல்ஜிஏ 1151இன் முதல் வகையிலும் செயலியை மாற்றி இந்தத் தகுதியை அடைய முடியாது. அங்கே எவ்வளவு செலவழித்தாலும் பயன் இல்லை. ரைசன் 5 1600 வைத்திருப்பவர் 5600க்கு மாறினால் தகுதி கிடைத்துவிடும். 300 வரிசை இன்டெல் பலகைகள் ஏற்கெனவே தகுதியான செயலியோடுதான் இருக்கும், பயாஸில் பிடிடி என்ற டிபிஎம் வசதியையும் செக்யூர் பூட்டையும் இயக்கினால் போதும்.

சிங்கப்பூரில் எங்கே வாங்குவது? பழைய செயலியை நம்பி வாங்கலாமா?

ஏஎம்4 செயலிகள் சில இன்னும் புதிதாகவே கிடைக்கின்றன. ரோச்சோர் எம்ஆர்டிக்கு அருகில் உள்ள சிம் லிம் ஸ்குவேரில் இரண்டு மூன்று கடைகளிலாவது விலை கேட்டுவிட்டு வாங்குங்கள். தேக்காவில் சாமான் வாங்கப் போகிற நாளில் நடந்தே போய்விட்டு வரலாம். எதிரே உள்ள சிம் லிம் டவர் வேறு கட்டடம், அங்கே மின்னணு உதிரிப்பாகங்கள்தான் அதிகம். 2020க்கு முந்தைய இன்டெல் செயலிகளுக்கோ கரோசெல் போன்ற தளங்களில் விற்கும் தனியாரையே பெரும்பாலும் நாட வேண்டியிருக்கும்.

செயலி எளிதில் கெட்டுப்போகும் பொருள் அன்று. பத்தாண்டு உழைத்த செயலியைக்கூட நான் தயங்காமல் வாங்கிப் பொருத்துகிறேன். ஆனால் நேரில் சந்தித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். இன்டெல் என்றால் அடிப்பக்கத்துத் தங்கநிறப் புள்ளிகளில் கருகலோ ஆழமான கீறலோ இருக்கக் கூடாது, நடுவில் உள்ள குட்டி உறுப்புகளில் ஒன்றும் உதிர்ந்திருக்கக் கூடாது. ஏஎம்4 என்றால் ஊசிகளை நான்கு பக்கத்திலிருந்தும் கண் மட்டத்தில் வைத்து நோக்குங்கள். வரிசைகள் நாற்று நட்டதுபோல நேராகத் தெரிய வேண்டும். இன்டெல் செயலியின் மேல்தகட்டில் எஸ்ஆர் என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறியீடு இருக்கும், அதை இணையத்தில் தேடி விளம்பரத்தில் சொன்ன மாடல்தானா என்று ஒப்பிடுங்கள். மாடல் பெயருக்குப் பதிலாகக் கான்ஃபிடென்ஷியல் என்று பொறிக்கப்பட்டிருந்தால் அது சோதனை மாதிரி, பல பலகைகளில் இயங்காது. அதை வாங்க வேண்டாம்.

வாங்குபவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு பற்றிய விவரமும் தெரிந்திருக்க வேண்டும். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் குறைபாட்டுப் பொருள் சட்டம், கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதங்களுக்குள் குறை தென்பட்டால், அது வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும், இல்லையென்று காட்டுவது விற்றவரின் பொறுப்பு. ஆனால் தனிநபர் இன்னொரு தனிநபருக்கு விற்பதை அந்தச் சட்டம் உள்ளடக்காது. எனவே தனியாரிடம் வாங்கும்போது விலை குறைவாக இருப்பதுதான் முறை, அந்தக் குறைவு நீங்கள் ஏற்கும் ஆபத்துக்கு ஈடு. வெளிநாட்டுத் தளங்களிலிருந்து தருவிக்கும்போது, 2023 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் பொருள் சேவை வரி உண்டு என்பதையும், 2024 முதல் அது 9 விழுக்காடு என்பதையும் கணக்கில் சேருங்கள்.

என் வரம்பு இதுதான்: செயலி, கூலர், பேஸ்ட் மூன்றுக்கும் ஆகும் செலவு, உங்கள் கணினியைவிடப் புதிய தலைமுறை அலுவலகக் கணினி ஒன்றைப் பழையதாக வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், செயலியை விட்டுவிட்டுக் கணினியையே மாற்றிக்கொள்ளச் சொல்வேன்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை என்ன?

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்னை வெளியேற்றுங்கள்.

ஏஎம்4 கூலரைக் கழற்றுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான கட்டம். பழைய பேஸ்ட் பசைபோல இறுகியிருக்கும். நேராக மேலே இழுத்தால், சாக்கெட்டின் நெம்பி பூட்டியிருக்கும்போதே செயலி கூலரோடு ஒட்டிக்கொண்டு பெயர்ந்து வந்துவிடும். ஈசூனில் ஓர் அண்ணன் வீட்டில் என் கையாலேயே அப்படி நேர்ந்தது. மூலையில் மூன்று ஊசிகள் சாய்ந்துவிட்டன. ஈயக்குச்சியை எடுத்துவிட்ட ஒரு மெக்கானிக்கல் பென்சிலின் முனையை ஒவ்வோர் ஊசியின் மேலும் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சிறிது சிறிதாக நிமிர்த்தினேன். செயலி பிழைத்தது, எனக்கு அன்று ஒரு மணி நேரம் போனது. அதிலிருந்து, கழற்றுவதற்கு முன் கணினியைப் பதினைந்து நிமிடம் பளுவோடு ஓட்டிப் பேஸ்டை இளகவைத்துவிட்டு, அணைத்த உடனே கூலரை இடமும் வலமுமாகத் திருகி, அது வழுக்குவதை விரலில் உணர்ந்த பிறகே தூக்குகிறேன்.

இன்டெல்லில் ஊசிகள் சாக்கெட்டில் இருக்கின்றன. அங்கே செயலி கைதவறி விழுந்தால் கெடுவது பலகை. ஓரங்களை மட்டும் பிடித்து, முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு ஒத்து, செங்குத்தாக இறக்குங்கள். அழுத்தவே வேண்டியதில்லை.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பழைய பேஸ்டைத் துடைத்து, துவரம்பருப்பு அளவு புதிய பேஸ்டை நடுவில் வைத்தால் போதும். கூலரின் திருகுகளைக் கோலத்தில் எதிரெதிர்ப் புள்ளிகளை இணைப்பதுபோல மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முறுக்குங்கள். பெட்டி திறந்திருக்கும்போதே, நாணயம் போன்ற சிஆர்2032 மின்கலத்தையும் மாற்றிவிடுங்கள். பத்தாண்டு ஆன பலகையில் அது தீரும் நிலையில்தான் இருக்கும்.

பொருத்திய பிறகு திரை வரவில்லை. செயலி கெட்டதா?

அவசரப்பட வேண்டாம். முதன்முறை இயக்கும்போது ராமைச் சரிபார்க்கப் பலகை இரண்டு மூன்று நிமிடங்கள் எடுத்துக்கொள்ளலாம், தானே அணைந்து மீண்டும் எழலாம். அதன் பிறகும் வராவிட்டால், செயலிக்கான நான்கு அல்லது எட்டு முனை மின்கம்பியை மீண்டும் செருக மறந்துவிட்டீர்களா என்று பாருங்கள். நான் அழைக்கப்பட்டுப் போன வீடுகளில் இதுவே முதல் காரணமாக இருந்திருக்கிறது. அடுத்து, மின்கலத்தைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போட்டு, ஒரே ஒரு ராம் குச்சியோடு இயக்குங்கள். எஃப் வகைச் செயலியை வைத்துவிட்டுத் திரையைப் பலகையிலேயே செருகியிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். எதற்கும் மசியாவிட்டால் பழைய செயலியைத் திரும்ப வைத்துப் பாருங்கள். அது எழுந்தால், பயாஸ் பதிப்பை ஆதரவுப் பட்டியலோடு மீண்டும் ஒருமுறை ஒப்பிட வேண்டும்.

கழற்றிய பழைய செயலியை என்ன செய்வது?

ஒரு மாதம் வைத்திருங்கள். புதியது ஏதேனும் தொல்லை கொடுத்தால் சோதிக்க அது ஒன்றுதான் உதவும். இன்டெல் செயலி என்றால் அது வந்த பிளாஸ்டிக் உறையிலும், ஏஎம்4 என்றால் ஊசிகள் அழுந்தாத கடினமான உறையிலும் போட்டு வையுங்கள். பிறகு யாருக்கேனும் பயன்பட்டால் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் குப்பைக் குழாயில் போடாமல், 2021 முதல் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் திட்டத்தின்கீழ் வைக்கப்பட்டிருக்கும் மின்னணுக் கழிவுத் தொட்டியில் சேர்த்துவிடுங்கள்.